இரண்டு ராண்ட்

மாதத்தின் முதல் வியாழக்கிழமை, மாலை ஆறரை.
மியர்பேங்க் நூலகத்தின் பின்னறை.
ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் ஆலையின் நாற்றம்,
மூடினால் எங்கள் ஒன்பது பேரின் புழுக்கம்.
மேசைமேல் காலி காப்பித் தகரம்,
மூடியில் ஓர் ஓட்டை.
படம் பார்த்து "நைஸ்" என்று சொன்னால் இரண்டு ராண்ட்.

"தமிழில் சொல்லலாமா?" என்றேன் முதல் நாள்.
"சொல்லிப் பாருங்கள்" என்றாள் நோம்வுலா.
கடிகாரம் அவள் பொறுப்பு.
"நல்லா இருக்கு."
தகரத்தை என் பக்கம் தள்ளினாள்.

இன்னொரு விதி:
படம் கொண்டுவந்தவர் ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது.
இருபது வருடமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவனுக்கு
இது என்ன பெரிய வேலை என்றிருந்தேன்.

ஜூன் மாதம் என் முறை.
ஐசிப்பிங்கோவில் மத்தி வந்த காலை.
வலை இழுக்கிறவர்கள் பதினாறு பேர்,
பின்னால் வெள்ளி நுரை, மேலெல்லாம் பறவை.
நாலரை மணிக்கு எழுந்துபோய் எடுத்தது.
திரையில் விரிந்தபோது
தகரத்துக்கு இன்று நல்ல வரும்படி என்று
எண்ணிக்கொண்டேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிறகு தேஷ்னி. பத்தொன்பது வயது,
சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள்:
"அங்கிள், நீங்கள் காரைவிட்டு இறங்கவே இல்லை, இல்லையா?"

இறங்கவில்லை.
கண்ணாடியை மட்டும் இறக்கினேன்,
ஷூவுக்குள் மணல் போகுமே என்று.
படத்தின் எந்த மூலையில் அது எழுதியிருந்ததோ!
மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது.
பூட்டிய வாய்க்கு
என்னிடமே சாவி இல்லை.

அடுத்தது அவள் படம்.
ஓடும் மினிபஸ் டாக்சிக்குள் நெருக்கியடித்த தோள்கள்,
ஜன்னலுக்கு வெளியே ஒரு கீற்றுக் கடல்.
"அடிவானம் சாய்ந்திருக்கிறது" என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"இடது பக்கம் ஒரே இருட்டு. கூர்மை போதாது.
அவசரம் தெரிகிறது."
ஒவ்வொன்றும் சரி.
ஒவ்வொன்றைச் சொல்லச் சொல்ல
என் படம்
கொஞ்சம் கொஞ்சமாக அழகானது.

அப்போது மின்வெட்டு.
புரொஜெக்டர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
தேஷ்னியின் முகம் தெரியவில்லை,
பேனாவின் சத்தம் மட்டும்.
இருட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்
நான் சொன்னதை, சொன்ன வரிசையில்.

"கரண்ட் வரும்வரை" என்றாள் நோம்வுலா,
"யார் கண்ணில் என்ன மிச்சமிருக்கிறது, சொல்லுங்கள்."
சாக்ரனுக்கு ஓட்டுநரின் பிடரி மடிப்பு.
வேறு யாருக்கோ
முன்கண்ணாடியில் தொங்கிய ஒற்றைக் குழந்தைச் செருப்பு.
என்னிடம் வந்தது.
தேடினேன்.
அடிவானம் அங்கே இல்லை.
மடியில் ரொட்டியோடு ஒரு பெண்.
வண்டி வளைவில் திரும்ப
அவள் எட்டிப் பிடித்தது ரொட்டியை அல்ல,
பக்கத்தில் தூங்குகிறவனின் தலையை.
முன்பின் தெரியாத ஆளைப் பிடிப்பதுபோல,
விரல் நுனிகளால்.

சொன்னேன்.
பேனா நின்றது.
"அப்போ அடிவானம், அங்கிள்?"
"சாய்வு சாய்வுதான்.
ஆனால் நேராக்கினால்
அந்தத் தலை விழுந்துவிடும்."

தடவித் தடவித் தகரத்தைக் கண்டுபிடித்து
இரண்டு ராண்ட் போட்டேன்.
"யார் நைஸ் சொன்னது?" என்றாள் நோம்வுலா.
யாரும் சொல்லவில்லை.
நான் சொன்னவை சரி, சொன்ன காரணம் சரியில்லை.
அதற்கு இன்னும் விதி எழுதவில்லை.

ஜூலையில் மறுபடி மத்தி வந்தது.
கண்ணாடியை இறக்கினேன்,
பிறகு கதவையே திறந்தேன்.
கிட்டே போனதும் ஒருவர் திரும்பி,
"சும்மா நிற்கிறாயே, கயிறைப் பிடி" என்றார்.
பிடித்தேன்.
அன்று ஒரு படமும் இல்லை.

வியாழக்கிழமை வெறுங்கையோடு போய்
திரைக்கு முன் நின்றேன்.
கடிகாரத்தை ஓடவிடுவதா வேண்டாமா என்று தெரியாமல்
நோம்வுலா
தேஷ்னியைப் பார்த்தாள்.